எட்டாவது வரியில் திரும்பும் கவிதை

முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனின் 'ஆந்தம் ஃபார் டூம்ட் யூத்' (சாவுக்கு விதிக்கப்பட்ட இளைஞர்களுக்கான துதிப்பாடல்) கவிதையின் வடிவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அநேகமாக ஒரு வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பாதி ஷேக்ஸ்பியர் பாணி, பாதி பெட்ரார்க் பாணி, இரண்டும் கலந்த சானெட், அதாவது பதினான்கு வரிக் கவிதை, அவ்வளவுதான். தகவல் சரி. ஆனால் இதோடு நிறுத்தினால் கவிதையில் நடக்கும் முக்கியமான காரியம் கைக்கு அகப்படாமலே போய்விடுகிறது என்பது என் எண்ணம், அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கவிதையை வாய்விட்டு, மெதுவாக, ஒவ்வோர் அசையாகப் படித்தால், அது எங்கே திரும்புகிறது என்று காது சொல்லும் இடம் வேறு, தாளில் இடைவெளி விட்டுக் காட்டியிருக்கும் இடம் வேறு.

முதலில் பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓவன் 1893-இல் பிறந்தவர். போருக்கு முன்பு டன்ஸ்டன் என்ற கிராமத்தில் ஒரு பாதிரியாருக்கு உதவியாளராக இருந்தவர், அதாவது ஜெபம், மணி, மெழுகுவர்த்தி, சவ அடக்கம் எல்லாம் அவருக்கு அன்றாடம் பழகிய விஷயங்கள். 1915-இல் ராணுவத்தில் சேர்ந்தார், 1917-இன் தொடக்க மாதங்களைப் பிரான்ஸில் போர்முனையில் கழித்தார், மனம் குலைந்து திரும்பினார். அந்த ஆண்டு ஜூனில் எடின்பரோவில் கிரெய்க்லாக்ஹார்ட் ராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கேதான் ஆகஸ்ட் மாதம் கவிஞர் சீக்ஃப்ரீட் சசூனைச் சந்திக்கிறார், செப்டம்பரில் இந்தக் கவிதை உருவாகிறது. கையெழுத்துப் பிரதிகளில் சசூனின் திருத்தங்கள் அப்படியே இருக்கின்றன. தலைப்பில் உள்ள 'ஆந்தம்' சசூன் கொடுத்தது என்று ஓவனே தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். 1918 நவம்பர் 4-ஆம் தேதி, போர் நிற்க ஒரு வாரம் இருக்கும்போது, சாம்பர்-வாஸ் கால்வாயைக் கடக்கும் சண்டையில் ஓவன் கொல்லப்பட்டார். வயது 25.

கவிதை சொல்வது இது: ஆடுமாடுகளைப் போலச் சாகிற இவர்களுக்கு எந்தக் கோயில் மணி அடிக்கிறது? பீரங்கிகளின் கோபம் மட்டும்தான். ரைபிள்களின் படபடப்புதான் அவர்களுக்கான அவசர ஜெபம். அவர்களுக்குப் பொய்ச்சடங்கு எதுவும் வேண்டாம், ஜெபமும் மணியும் வேண்டாம். அழுகிற குரல் என்றால் பித்துப்பிடித்து ஊளையிடும் குண்டுகளின் பாட்டுக்குழு ஒன்றுதான், அப்புறம் துயரம் கவிந்த சொந்த ஊர்ப்புறங்களிலிருந்து அவர்களைக் கூப்பிடும் பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பு. இது எட்டு வரி. பிறகு ஓர் இடைவெளி. அவர்களை வழியனுப்ப எந்த மெழுகுவர்த்தியை ஏந்துவது? பையன்களின் கைகளில் வேண்டாம், கண்களில் மின்னும் விடைபெறுதல் போதும். பெண்களின் நெற்றி வெளிறுவதே சவப்போர்வை. பொறுமையான மனங்களின் கனிவே பூக்கள். ஒவ்வொரு மெதுவான அந்திப்பொழுதும் ஜன்னல் திரைகளை இறக்குவதாகும். சாவு விழுந்த வீட்டில் ஜன்னல் திரையை இறக்கிவிடுவது அக்கால இங்கிலாந்தின் வழக்கம்.

சரி, இனி யாப்புக்கு வருவோம்.

ஆங்கில சானெட்டின் அடிப்படை ஓசை ஐயாம்பிக் பெண்டாமீட்டர். நம் யாப்பில் அசை குறிலா நெடிலா, தனித்து நிற்கிறதா ஒற்றோடு நிற்கிறதா என்று பார்க்கிறோம். அங்கே பார்ப்பது குரல் அழுந்துகிறதா இல்லையா என்பதை மட்டும். அழுத்தமில்லாத ஓர் அசை, பிறகு அழுத்தமுள்ள ஓர் அசை, இரண்டும் சேர்ந்தால் ஒரு சீர். இப்படி ஐந்து சீர், பத்து அசை, ஒரு வரி. ட-டம் ட-டம் ட-டம் ட-டம் ட-டம் என்று போகும். வரி முடிவில் வருவது நம் கணக்கில் இயைபு.

வரி ஒன்று: வாட் பாஸ்-ஸிங் பெல்ஸ் ஃபார் தீஸ் ஹூ டை ஆஸ் கேட்-டில். பாஸ், பெல்ஸ், தீஸ், டை, கேட், இந்த ஐந்து இடத்திலும் குரல் அழுந்துகிறது. பத்து அசையோடு நின்றிருக்கவேண்டும், ஆனால் 'டில்' என்று ஓர் அசை கூடுதலாகத் தொங்குகிறது. பதினோரு அசை, கடைசி அசை பலவீனம். வரி ஊன்றி நிற்காமல் சரிந்து முடிகிறது.

இரண்டாம் வரி: ஓன்லி த மான்ஸ்ட்ரஸ் ஆங்கர் ஆஃப் த கன்ஸ். இங்கே முதல் சீரே தலைகீழ், ட-டம் என்று வராமல் டம்-ட என்று அடிக்கிறது. முடிவில் 'கன்ஸ்', பத்தாவது அசை, முழு அழுத்தம். மூன்றாம் வரி 'ரேட்டில்' என்று மறுபடி பலவீனமாக முடிகிறது. நான்காவது 'ஒரிஸன்ஸ்', பழைய நடையில் ஜெபம் என்று பொருள்படும் சொல். அதில் அழுத்தம் முதல் அசையில் இருக்கிறது. கடைசி 'ஸன்ஸ்' இயல்பில் மெலிந்த அசை, அதைத்தான் 'கன்ஸ்' என்பதோடு இயைபாகக் கட்டியிருக்கிறார். இந்த நான்கு வரியில் முழு பலத்தோடு முடிகிற வரி பீரங்கி வரி ஒன்றே ஒன்றுதான். மாடு சரிகிறது, ரைபிள் சரிகிறது, ஜெபம் முனகலாகத் தேய்கிறது. பீரங்கி மட்டும் அதிர்கிறது.

இது தற்செயலாக அமைந்தது என்று யாராவது சொன்னால் முந்தைய பிரதியைக் காட்டலாம். அதில் முதல் வரி 'ஹூ டை ஸோ ஃபாஸ்ட்' என்று முடிந்தது, அதாவது அவ்வளவு வேகமாகச் சாகிறவர்கள். எண்ணிப் பாருங்கள், சரியாகப் பத்து அசை, கடைசியில் கனமான அழுத்தம், இலக்கண சுத்தமான வரி. அதைத்தான் அடித்துவிட்டுப் பதினோரு அசையில் சரிகிற 'ஆஸ் கேட்டில்' என்று மாற்றியிருக்கிறார்கள். உவமை கூர்மையானதை எல்லோரும் கவனிக்கிறார்கள், ஓசை மாறியதையும் அதே அளவு கவனிக்கவேண்டும். முதல் வரியும் கனமாக முடிந்திருந்தால் இரண்டாம் வரியின் 'கன்ஸ்' இப்படித் தனியாக நின்று அதிர்ந்திருக்காது. 'அவர் கன்ஸ்' என்று இருந்ததும் 'த கன்ஸ்' ஆயிற்று. நம்முடைய பீரங்கி, எதிரியின் பீரங்கி என்ற பேதம் அதோடு போயிற்று.

இந்த முதல் நான்கு வரியில் தமிழ்க் காதுக்கு மட்டும் பளிச்சென்று கேட்கிற ஒன்று உண்டு. ஆங்கில விமர்சகர்கள் 'ரைபிள்ஸ் ராபிட் ரேட்டில்' என்பதில் வரும் ரகர மோனையை எடுத்துக்காட்டாமல் விடமாட்டார்கள், பள்ளிப் பாடக் குறிப்புகளில்கூட அது இருக்கும். ஆனால் கேட்டில், ஸ்டட்டரிங், ரேட்டில், பேட்டர் என்று வரிசையாக நான்கு சொற்களை எடுத்து வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் நடுவில் அதே டகரம் இடிக்கிறது. எதுகைக்குப் பழகிய காது நமக்கு, முதல் எழுத்தைத் தாண்டி இரண்டாம் எழுத்தில் போய் நிற்கிற காது. அதனால் இந்தச் சங்கிலி, ரகர மோனை கேட்பதற்கு முன்பே நமக்குக் கேட்டுவிடுகிறது. மாடு என்ற சொல்லில் தொடங்கி ஜெபம் முணுமுணுக்கும் சொல் வரைக்கும் அதே ட்-ட்-ட். துப்பாக்கிச் சத்தம் மூன்றாம் வரியில் வருவதாகத்தான் எழுத்தில் இருக்கிறது, சத்தப்படி பார்த்தால் அது முதல் வரியின் கடைசிச் சொல்லிலேயே ஆரம்பித்துவிட்டது. இதை ஓவன் எதுகை என்று நினைத்திருக்க வழியில்லை. ஆனால் ஒலியைச் செதுக்குகிற மனிதர் அவர், மெய்யெழுத்து ஒத்து உயிரெழுத்து மாறும் அரை இயைபை அவ்வளவு துணிச்சலாகப் பிற கவிதைகளில் கையாண்டவர், அவருடைய காது இதைக் கேட்காமல் இருந்திருக்காது.

ஐந்தாம் வரியில் 'மாக்கரீஸ் நவ்' என்ற இடத்தில் மறுபடி ஓர் உபரி அசை ஓடுகிறது. ஆறாம் வரி நேர்ச்சீர். ஏழாம் வரிதான் வேடிக்கையானது: த ஷ்ரில் டிமென்டட் க்வயர்ஸ் ஆஃப் வெய்லிங் ஷெல்ஸ். பித்துப்பிடித்த கூச்சலைப் பற்றிய வரி, ஆனால் யாப்பில் ஓர் இழை பிசகவில்லை. ட-டம் ஐந்து முறை, தேவாலயப் பாடல்போல அச்சாக வருகிறது. கலவரமான விஷயத்துக்குக் கலவரமான சந்தம் என்று பொதுவாகச் சொல்வார்கள், அந்தச் சூத்திரம் இங்கே வேலை செய்யவில்லை. பாட்டுக்குழு என்று அவர் சொன்னால் அது நிஜமாகவே தாளத்தோடு பாடுகிறது. அந்தத் தாளம்தான் கேட்கிறவனை நடுங்கவைக்கிறது. ஐந்தாம் வரி 'பெல்ஸ்' என்று முடிந்திருந்தது, ஏழாம் வரி 'ஷெல்ஸ்' என்று அதற்கு இயைபு கொடுக்கிறது. கோயில் மணி அடித்த இடத்தில் குண்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது எட்டாம் வரி: அண்ட் பியூகிள்ஸ் காலிங் ஃபார் தெம் ஃப்ரம் ஸாட் ஷயர்ஸ்.

சானெட்டின் மரபு என்ன? இத்தாலிய சானெட்டில், அதாவது பெட்ரார்க் பாணியில், எட்டு வரி ஒரு பக்கம், ஆறு வரி ஒரு பக்கம், ஒன்பதாம் வரியில் சிந்தனை திரும்பவேண்டும். இந்தத் திருப்பத்துக்கு வோல்ட்டா என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில் வையட், சர்ரே என்ற கவிஞர்கள் சானெட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது, இயைபுச் சொற்கள் குறைவான அந்த மொழிக்கு ஏற்ப, நான்கு நான்கு நான்கு வரி, கடைசியில் ஓர் ஈரடி என்ற அமைப்பு உருவாயிற்று. ஷேக்ஸ்பியர் எழுதியது அந்த அமைப்பில். ஓவன் எட்டும் ஆறுமாகப் பிரித்து நடுவில் இடைவெளி விட்டிருப்பதைப் பார்த்ததும், திருப்பம் ஒன்பதாம் வரியில் என்று கை தானாகக் குறிப்பெழுதிவிடும். புதுக் கேள்வியும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் போர்முனையைவிட்டுக் கவிதை எப்போது வெளியேறுகிறது? எட்டாம் வரியில். பியூகிள் கூப்பிடுவது சொந்த ஊர்ப்புறங்களிலிருந்து. இடைவெளிக்கு முன்பே நாம் பிரான்ஸைவிட்டு இங்கிலாந்துக்கு வந்துவிட்டோம். இடத்தோடு ஓசையும் மாறுகிறது. 'ஃபார் தெம் ஃப்ரம்' என்று மூன்று லேசான அசைகள் ஓடி வந்து, 'ஸாட் ஷயர்ஸ்' என்று இரண்டு கனமான அசைகள் அடுத்தடுத்து விழுகின்றன. அழுத்தத்துக்குப் பக்கத்திலேயே இன்னோர் அழுத்தம் வந்தால் நாக்கு நின்று நின்றுதான் போகமுடியும், வேகமாகச் சொல்லிப் பார்த்தால் தெரியும், முடியாது. முதல் ஏழு வரியில் இப்படி ஓரிடம்கூட எனக்குக் கேட்கவில்லை. ஐந்தாம் வரித் தொடக்கத்து 'நோ'வைச் சிலர் அழுத்திப் படிக்கக்கூடும், நான் அப்படிப் படிப்பதில்லை. போர்முனை வரிகளில் அழுத்தங்கள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி நிற்கின்றன, இடையில் உபரி அசைகள் புகுந்து ஓடுகின்றன, எல்லாம் வேகம்.

இந்த இரட்டை அழுத்தம் அடுத்து எங்கே வருகிறது என்று தேடினால் பன்னிரண்டாம் வரி: த பேலர் ஆஃப் கேர்ல்ஸ் பிரவ்ஸ். 'கேர்ல்ஸ் பிரவ்ஸ்', இரண்டு கனம் ஒட்டி நிற்கின்றன. பிறகு பதினான்காம் வரி: அண்ட் ஈச் ஸ்லோ டஸ்க். இங்கே மூன்று கனம் வரிசையாக. அதாவது எட்டில் இரண்டு, பன்னிரண்டில் இரண்டு, பதினான்கில் மூன்று, மூன்றுமே வீட்டில் இருப்பவர்களைப் பற்றிய வரிகள். போருக்கு ஒரு வேகம், வீட்டுத் துக்கத்துக்கு ஒரு கனம் என்று இரண்டு ஓசைகளை வைத்துக்கொண்டு, இரண்டாவதை எட்டாம் வரியிலேயே நுழைத்துவிட்டார். என்னைக் கேட்டால் இந்தக் கவிதையின் உண்மையான திருப்பம் அதுதான். வெற்றிடம் அதற்குப் பின்னால் வருகிறது, கவிதை ஏற்கெனவே திரும்பிவிட்டதை உறுதிப்படுத்துவதற்காக.

இன்னொரு சிறு விஷயம், இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கவிதையில் இரண்டு கேள்விகள், ஒன்றாம் வரியிலும் ஒன்பதாம் வரியிலும். இரண்டும் 'வாட்' என்று ஒரே மாதிரி, ட-டம் என்று ஒழுங்காகத் தொடங்குகின்றன. பதில்களோ 'ஓன்லி த', 'ஓன்லி த', 'நாட் இன் த' என்று டம்-ட எனத் தலைகீழாகத் தொடங்குகின்றன. முதல் சீர் இப்படித் தெளிவாகக் கவிழ்வது இரண்டு, மூன்று, பத்து ஆகிய வரிகளில்தான், மூன்றுமே பதில்கள். கேட்பவர் ஏதோ சடங்கைப் பற்றிச் சாந்தமாகக் கேட்கிறார், பதில் சொல்கிறவர் கேள்வி முடிந்த கணமே மேசையில் கையால் அடிக்கிறார். ஆனால் முதல் பதிலில் கோபம், இரண்டாம் பதிலில் கோபம் இல்லை. அதே அடி, வேறு குரல்.

ஆறு வரிப் பகுதியின் இயைபைப் பார்க்கலாம். முதல் எட்டு வரி அஆஅஆ, இஈஇஈ, அதாவது ஒன்றுவிட்டு ஒன்று, ஆங்கில முறை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆல் (எல்லோரும்), ஐஸ் (கண்கள்), குட்பைஸ் (விடைபெறுதல்கள்), பால் (சவப்போர்வை), அதாவது வெளியே ஒரு ஜோடி, உள்ளே ஒரு ஜோடி, இது இத்தாலிய முறை. பிறகு மைண்ட்ஸ், பிளைண்ட்ஸ், ஆங்கில ஈரடி. ஒன்றுவிட்டு ஒன்று வரும் இயைபு முன்னே தள்ளிக்கொண்டே போகும். அணைத்து நிற்கும் இயைபு உள்ளே பார்க்கும். கண்களும் விடைபெறுதலும் உள்ளே பக்கத்தில் பக்கத்தில் இருக்க, சவப்போர்வை வெளியிலிருந்து மூடுகிறது. ஐஸ், குட்பைஸ், மைண்ட்ஸ், பிளைண்ட்ஸ், நான்கிலும் அதே ஐகார ஓசை. கடைசி ஆறு வரியில் நான்கு வரி ஒரே உயிரெழுத்தில் முடிகின்றன. முதல் பகுதியின் டகர இடிக்கு எதிரில் இந்த நீண்ட ஐகாரத்தை வைத்துக் கேட்டால், ஒரே ஆள் எழுதிய ஒரே கவிதையா என்று தோன்றும்.

வடிவக் கலப்பு ஓவனுக்கு மட்டும் சொந்தம் என்றும் நினைத்துவிடக்கூடாது. ஓவன் காலத்து ஆங்கிலக் கவிஞர் ரூபர்ட் புரூக்கின் 'த சோல்ஜர்', அந்தப் போரின் ஆகப் பிரபலமான சானெட், அதுவும் கலப்புதான். முதல் எட்டு வரி ஷேக்ஸ்பியர் முறை, கடைசி ஆறு வரி இத்தாலிய முறை. 1915 ஈஸ்டர் ஞாயிறு அன்று லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் அதை வாசித்தார்கள், அந்த மாதமே 23-ஆம் தேதி, துருக்கியில் இருந்த கலிப்போலி போர்முனைக்குப் போகும் வழியில் புரூக் நோயில் இறந்துபோனார். அவருடைய கவிதையில் நான் செத்தால் என்னைப் பற்றி இதை மட்டும் நினையுங்கள் என்று ஆரம்பித்து, அந்நிய மண்ணில் ஒரு மூலை என்றென்றும் இங்கிலாந்தாக இருக்கும் என்று போகிறது. ஓசை வழவழவென்று வழுக்கிக்கொண்டு போகும், எங்கும் கல் தட்டாது. அது திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் பிணம் விழுவதைப் பற்றிய ஒரு கவிதையில் நாக்கு எங்குமே தடுக்காமல் போவது எனக்கு ஒப்பவில்லை. கிட்டத்தட்ட அதே அச்சை எடுத்துக்கொண்டு ஓவன் எங்கெங்கே தடுக்க வைக்கிறார் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அச்சு மட்டும் ஒரு கவிதையைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது புரியும்.

இந்தக் கவிதைமேல் ஒரு பழைய குற்றச்சாட்டு இருக்கிறது. முதல் பாதியில் சடங்குகளைப் பொய் என்று தள்ளிவிட்டு, இரண்டாம் பாதியில் மெழுகுவர்த்தி, போர்வை, பூ என்று அதே சடங்கை மென்மையாகத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறார், கோபம் ஆறுதலாகக் கரைந்துவிடுகிறது என்பார்கள். பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் இதில் நியாயம் உண்டு. பதினோராம் வரியில் வரும் 'ஹோலி' (புனிதமான) என்ற சொல்லை நானும் கொஞ்சம் தயக்கத்தோடுதான் கடக்கிறேன், அந்த வரி யாப்பிலும் ரொம்ப வழவழப்பு. ஆனால் அடுத்த வரியிலேயே 'ஆஃப் கேர்ல்ஸ் பிரவ்ஸ்' என்று வந்து அந்த வழவழப்பை நிறுத்திவிடுகிறது. 'பேலர்' என்று தொடங்கி 'பால்' என்று முடிகிற வரி அது, வெளிறிய நெற்றியும் சவப்போர்வையும் ஒரே ஒலியில் ஒட்டிக்கொள்கின்றன, நடுவில் நாக்கு இரண்டு முறை ஊன்றவேண்டியிருக்கிறது. ஆறுதல் சொல்ல வந்த கவிஞர் இப்படி எழுதமாட்டார், 'பெண்களின் வெளிறிய நெற்றி' என்பதைத் தடுக்காமல் ஓடும்படி எழுத ஐயாம்பிக்கில் நூறு வழி இருக்கிறது. ஈரடியிலும் இதே கதை. ஷேக்ஸ்பியர் சானெட்டின் ஈரடி பெரும்பாலும் ஒரு முடிவைச் சொல்லிப் பூட்டும். இங்கே பதின்மூன்றாம் வரியில் 'ஃப்ளவர்ஸ் த டென்டர்னெஸ்' என்று சின்னச் சின்ன அசைகள் நெகிழ்ந்து ஓடுகின்றன, அந்த நெகிழ்ச்சிமேல்தான் மூன்று கனமான அசைகளை இறக்குகிறார். கடைசி வரியில் வினைமுற்றே கிடையாது. 'ஈச்' (ஒவ்வொரு) என்று சொல்லிவிட்டதால் அது ஒரு நாளோடு முடிகிற காரியமும் இல்லை. சடங்கு என்றால் ஒருநாள் முடிந்துவிடும், ஆட்கள் கலைந்து போவார்கள். இந்த வரி சொல்வது நாளைக்கும் நடக்கும், மறுநாளும் நடக்கும். அதை ஆறுதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.